ரன்வே ஓரத்தில் எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடப் படித்த நண்பர் வெளியூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, இப்போது செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தைத் தனியாக ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டாராம். அவர் ஏறுவதையும் இறங்குவதையும் படம் எடுக்க வேண்டும். கையில் இருப்பது சாதாரண கேமராவும் 55 முதல் 250 மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு லென்ஸும். "ரன்வே ஓரத்தில் எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம்? நண்பன் எனக்காக ஒரு ரவுண்டு தாழ்வாக வருகிறேன் என்கிறான், அப்போது ஷட்டர் எவ்வளவு வைக்க வேண்டும்?" என்பது கேள்வி. இந்த லென்ஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போகாமல் நல்ல படம் எடுக்க முடியுமா என்ற சந்தேகம்தான் இதற்குள் இருக்கிறது. முடியும். பக்கத்தில் போனால்தான் படம் கெடும், அதையும் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் விமானி இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில், விமானங்களை நிறுத்தும் ஏப்ரனில் பல வருடம் வேலை பார்த்தவன், வீடு திருவொற்றியூர், கேமரா என் சொந்தப் பைத்தியம். கீழே நிற்பவனுக்குத் தெரிய வேண்டியவை எனக்குத் தெரியும். மேலே நடப்பதைப் பற்றி நான் சொல்வதும் உங்கள் நண்பரின் பயிற்றுநர் சொல்வதும் முரண்பட்டால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

அந்தத் தாழ்வான ரவுண்டை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம் என்று நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். சிறு விமான விபத்துகளில், கீழே நிற்கும் நண்பருக்காகவோ குடும்பத்துக்காகவோ தாழப் பறந்து காட்டப் போய் நடந்தவை என்று தனியாக ஒரு வகையே உண்டு. நடப்பது இதுதான்: தாழ வந்து, கீழே பார்த்துக் கையசைத்து, பின்பு மூக்கைச் சட்டென்று தூக்கித் திரும்புவார். அந்த இடத்தில் வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மீட்டெடுக்க உயரம் இருக்காது. கை தேர்ந்தவர்களே மாட்டியிருக்கிறார்கள் என்றால், புதிதாகத் தனியாகப் பறக்கும் மாணவரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். கேமரா இல்லாத நாளில் அவர் எப்படி ஏறி இறங்குவாரோ அப்படியேதான் நீங்கள் இருக்கும் நாளிலும் செய்ய வேண்டும். நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று முன்பே சொல்லிவைத்துவிட்டு, அங்கேயே அசையாமல் நில்லுங்கள். இறங்கி வரும்போது ஓரத்தில் ஓர் உருவம் ஓடினால் அவர் கண் அங்கே போகும்.

சரி, தூரம். செஸ்னா 172 மூக்கு முதல் வால் வரை சுமார் 8.3 மீட்டர். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22 அல்லது 23 மில்லிமீட்டர். படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு விமானம் நிறைய வேண்டும் என்றால், சென்சாரில் அது 15 மில்லிமீட்டர் விழ வேண்டும். கணக்குப் போட்டால் 100 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். உங்கள் 250-ஐ முழுக்க நீட்டினால் கிட்டத்தட்ட 140 மீட்டரில் நின்றே அந்த அளவு கிடைக்கும். சுற்றிக் கொஞ்சம் வானம் விட்டு எடுப்பதுதான் அழகு என்று நினைப்பவன் நான், அதனால் 150 மீட்டரும் சம்மதம்.

பக்கத்தில் போனால் என்ன ஆகும்? அந்த விமானம் சுமார் 55 நாட் வேகத்தில் முன்சக்கரத்தைத் தூக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 28 மீட்டர். 120 மீட்டர் தள்ளி நின்றால் அதைப் பின்தொடர இடுப்பை மெதுவாகத் திருப்பினால் போதும். 30 மீட்டரில் நின்றால் நான்கு மடங்கு வேகமாகத் திருப்ப வேண்டும், ஃபோகஸும் அதே வேகத்தில் ஓட வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடைபாதையில் நின்று எதிர்ப்பக்கம் போகும் பேருந்தைப் படம் பிடிப்பதைவிட, 120 மீட்டரில் செஸ்னாவைப் பிடிப்பது சுலபம். 30 மீட்டர் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவிகளின் துணையில்லாமல் கண்ணால் பார்த்து இறங்கும் மிகச் சிறிய வகை ஓடுபாதைக்கே நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 மீட்டர் தடையில்லாமல் விடச் சொல்கிறது சர்வதேச வரையறை. பெரிய ஓடுபாதைகளுக்கு அது இன்னும் அதிகம். விமானம் பாதையை விட்டு விலகும் என்று எதிர்பார்த்தே அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

எந்தப் பக்கம் நிற்பது? இங்கே உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: செஸ்னாவின் புரொப்பல்லர் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். முழு விசை கொடுக்கும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது காலால் ரடரை, அதாவது வாலில் திசை திருப்பும் பலகையை இயக்கும் மிதியை, அழுத்திச் சமாளிப்பார்கள். மாணவரின் கால் தாமதமானால் விமானம் இடது பக்கம்தான் ஓடும். ஆகவே டேக்ஆஃபுக்கு, காற்று நேராக இருக்கும் நாளில், ஓடும் திசைக்கு வலது பக்கம் நிற்பது நல்லது. ஊகம்: பக்கவாட்டுக் காற்று இருந்தால் விமானம் காற்று வரும் பக்கமாக மூக்கைத் திருப்பப் பார்க்கும், அதனால் காற்று போகும் பக்கம் நிற்கலாம் என்பார்கள். ஆனால் இறங்கும்போது காற்று அதே பக்கம் தள்ளிக்கொண்டும் வரலாம். இரண்டில் எது நடக்கும் என்று கீழே நிற்பவன் பந்தயம் கட்ட முடியாது. பக்கத்தை நம்புவதைவிட 100 மீட்டரை நம்புங்கள்.

பக்கத்தைவிட முக்கியம், ஓடுபாதையின் நீளவாக்கில் எந்த இடம் என்பது. லேண்டிங்குக்கு, சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னதாக, பக்கவாட்டில் நில்லுங்கள். சக்கரம் தொட்ட பிறகுதான் பெரும்பாலும் தடுமாற்றம் வரும், அப்போது விமானம் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். டேக்ஆஃபுக்கு, அது தரையை விட்டு எழும்பிவிட்ட இடத்துக்குப் பக்கவாட்டில். நிலையான நிலைமையில், அதாவது கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்ற கணக்கில், செஸ்னா 172-இன் புதிய ரகம் கடல்மட்டத்தில் சுமார் 960 அடி ஓடி எழும்பும் என்று கையேடு சொல்கிறது. நம் ஊர் மே மாதம் நிலையான நிலைமை கிடையாது. 15 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி உயரே இருப்பது போல எஞ்சினும் இறக்கையும் நடந்துகொள்ளும், 38 டிகிரியில் கடல்மட்டமே 2,700 அடி ஆகிவிடும். காலையில் எழும்பிய இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு மதியம் அங்கே காத்திருந்தால், விமானம் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் நேரே, அந்தக் கோட்டின் நீட்சியில், ஒருபோதும் நிற்காதீர்கள். ஏறிய உடனே எஞ்சின் நின்றால் விமானி மூக்கை இறக்கி ஏறக்குறைய நேராக முன்னால் இறங்கத்தான் பயிற்சி பெற்றிருக்கிறார். அவர் இறங்கத் தேடும் இடத்தில் நீங்கள் இருக்கக் கூடாது.

வ்யூஃபைண்டர் செய்யும் ஏமாற்று வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெலி லென்ஸில் எல்லாம் பக்கத்தில் தெரிவதால் அதில் பயம் வரும், அது நல்லது. வைட் லென்ஸில்தான் ஆள் மாட்டுவது. நெருங்கி வரும் விமானம் அதில் தூரத்தில் இருப்பது போலவே தெரியும். ரன்வே பக்கத்தில் வைட் லென்ஸைப் பையை விட்டே எடுக்காதீர்கள். அப்புறம், தனியாகப் போகாதீர்கள். பள்ளியின் ஆள் ஒருவர், முடிந்தால் ரேடியோவோடு, உங்கள் தோள் பக்கம் நிற்க வேண்டும். அவர் வேலை படம் பார்ப்பது இல்லை, சுற்றிலும் பார்ப்பது. "பின்னால் வா" என்றால் ஏன் என்று கேட்காமல் வர வேண்டும்.

உண்மையில் ஓடுபாதையைவிட ஏப்ரன்தான் எனக்குப் பயம். ஒரு முறை ஒரு விழாவுக்குப் படம் எடுக்க வந்தவர், அப்போதுதான் வந்து நின்ற சிறு விமானத்தின் முழு நீளமும் ஃபிரேமில் அடங்க வேண்டும் என்று கண்ணைக் கேமராவில் வைத்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். பின்னால் இன்னொரு விமானம், எஞ்சின் ஓட்டத்தில். முன்னால் இருந்ததன் சத்தத்தில் பின்னால் இருந்தது அவருக்குக் கேட்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், பட்டன் இரண்டு தெறித்தது, கோபித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோதும் புரொப்பல்லர் அவர் கண்ணில் படவில்லை. வெயிலில் அது வெறும் காற்று மாதிரிதான் இருக்கும், முனைகளில் அடித்த பெயின்ட் மட்டும் மெல்லிய வளையமாகத் தெரியும், அதுவும் பார்க்கத் தெரிந்தவனுக்கு. விமானத்தை எப்போதும் பின்பக்கமாக, வால் பக்கம் சுற்றியே நெருங்குங்கள். நிற்கும் புரொப்பல்லரையும் தொடாதீர்கள், அதன் மேல் கைவைத்துப் போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். இந்த எஞ்சின்களுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ பேட்டரியை நம்பி இல்லை. சாவி அணைந்திருந்தாலும் உள்ளே அதை அணைக்கும் எர்த் கம்பி அறுந்திருந்தால், கையால் லேசாகச் சுழற்றினாலே எஞ்சின் ஒரு உதை உதைக்கும்.

லென்ஸ் மூடி, ஹுட், தொப்பி, தொங்கும் ஐடி கார்டு, துப்பட்டா, பாலிதீன் கவர் எல்லாம் பறந்து போய் விமானத்தில் சிக்கலாம் என்பதால் அங்கே ஆபத்தான பொருள்கள்தான். உள்ளே போகும்போது பையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, வெளியே வரும்போது சரிபாருங்கள். ஒன்று குறைந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள், பறப்பதை நிறுத்திவிட்டுத் தேடுவார்கள். பார்சல் சாப்பாட்டின் மிச்சத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். காக்காயும் பருந்தும் வந்தால் அது விமானத்தின் பிரச்சினை. ஃப்ளாஷையும் கேமராவின் ஃபோகஸ் விளக்கையும் அணைத்துவிடுங்கள், அந்தத் தூரத்தில் அவற்றால் பயனும் இல்லை. டிரோன் பேச்சையே எடுக்காதீர்கள்.

அனுமதி விஷயத்தில் நண்பரின் "வாடா, பார்த்துக்கலாம்" போதாது. அரசு விமான நிலையத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதியிலிருந்தே வருவது. பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநருக்கு ஒரு கடிதம், அவர் வழியாக விமான நிலைய நிர்வாகத்தின் நுழைவுச் சீட்டு, மேலே போட ஒரு ஒளிரும் ஜாக்கெட், இவ்வளவும் வேண்டும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் கடற்படைத் தளம் பக்கமெல்லாம் வேலிக்கு வெளியே நின்றுகூட முயற்சி செய்யாதீர்கள். ராணுவ இடத்தைப் படம் எடுத்தால் வழக்கே வேறு. மற்றபடி விமான நிலையத்துக்கு வெளியே, பொது இடத்தில் நின்று வானத்தில் போவதை எடுப்பது மங்கலான பகுதி. விதி "விமான நிலையத்தில்" என்றுதான் பேசுகிறது, ஆனாலும் போலீஸ்காரர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அங்கே நின்று சட்டம் பேசி எனக்குத் தெரிந்து யாரும் நல்ல படத்தோடு வீடு திரும்பியதில்லை.

இப்போது ஷட்டருக்கு வருகிறேன். புதிதாக எடுப்பவர்கள் 1/2000 நொடி வைத்து விடுவார்கள். விமானம் கூர்மையாக இருக்கும், புரொப்பல்லரும் உறைந்து நிற்கும், பார்த்தால் எஞ்சின் நின்றுபோன விமானம் வானத்தில் தொங்குவது போல இருக்கும். டேக்ஆஃபில் புரொப்பல்லர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 சுற்று, அதாவது நொடிக்கு 40. 1/1000-இல் அது 14 டிகிரிதான் நகரும். 1/125-இல் 115 டிகிரி, புரொப்பல்லர் சுற்றுவது விசிறி போல நன்றாகக் கலங்கித் தெரியும். லேண்டிங்கில் விசையைக் குறைத்துவிடுவதால் சுற்று ஏறக்குறைய பாதியாகிவிடும், அதே விசிறிக்கு 1/60 வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஷட்டர் வைத்து எடுத்துவிட்டு, இறங்கும் படம் மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. முதல் நாள் 1/250-இல் தொடங்கி, பத்திரமாகச் சில படங்கள் சேர்ந்த பிறகு 1/125-க்கு இறங்குங்கள். பாதிக்கு மேல் ஆடித்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். கால்களை விமானம் கடைசியில் போய்ச் சேரும் திசைக்கு நேராக ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் அது வரும் பக்கம் முறுக்கி வைத்துக்கொண்டு, அது கடக்கக் கடக்க அவிழ்த்து விடுங்கள்.

ஷட்டரைக் குறைத்தால் வெளிச்சம் அதிகமாகும். ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் வெயில் ஏறியதும் கேமரா எஃப்16-க்குப் போய்விடும். அப்போதுதான் சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் நீல வானத்தில் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். மணலி, எண்ணூர்ப் பக்கம் லாரிப் புழுதியில் லென்ஸ் மாற்றுபவர்களுக்கு இது நன்றாகவே புரியும். போவதற்கு முன் சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள், முடிந்தால் லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணி முதல் 8.30 வரைதான் நம் ஊரில் வேலை. அதற்கு மேல் தாரிலிருந்து எழும் அனல் அலை படத்தைக் கரைத்துவிடும், லட்ச ரூபாய் லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காற்றும் அப்போதுதான் அமைதி என்பதால் மாணவர்களையும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் பறக்கவிடுவார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழைய வகைக் கேமராவில் டெலி லென்ஸோடு விமானத்தைத் துரத்தி, சூரியனுக்குக் குறுக்கே போய்விட்டால் கண் போய்விடும். வெயிலையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போய் 5 பேர் உயிரிழந்தார்கள். விமானம் எதுவும் விழவில்லை, வெயிலும் கூட்டமும்தான். தண்ணீர் பாட்டிலையும் பையில் இருப்பவற்றின் பட்டியலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

அனுமதி வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். நம் வடசென்னைப் பக்கம் ஓடுதளம் என்று பெயருக்கு இருப்பது சோழவரம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்டது. பிறகு கார், பைக் பந்தயத்துக்குப் பேர்போன இடமாகி, அதுவும் நின்றது. விமானம் வரும் என்று கேமராவோடு அங்கே போகாதீர்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறி இறங்கினால் பரங்கிமலை. மேலே தேவாலயத்திடலிலிருந்து மீனம்பாக்கம் ஓடுபாதை தெரியும். அடிவாரத்து ராணுவப் பகுதி பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். சேலம், தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் 72 புரொப்பல்லர் விமானங்கள் 27 மீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டரிலிருந்தும் 250-க்கு ஓரளவு அடங்கும். அதன் புரொப்பல்லருக்கு ஆறு இதழ், சுற்றும் மெதுவாகத்தான், டேக்ஆஃபில் நிமிடத்துக்கு 1,200. 1/125-இல் ஏறக்குறைய முழு வட்டமாகவே வந்துவிடும். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும், ஐப்பசி கார்த்திகையில் திசை மாறும். கிளம்பும் முன் காற்றுத் திசை பார்த்துவிட்டுப் போங்கள்.

அதற்கும் முன்னால் காசிமேடு. விடிகாலையில் மீன் ஏலம் நடக்கும்போது செம்பருந்துகள் கூட்டமாக இறங்கும். உங்களுக்கு நடந்து போகும் தூரம். ஏலக்காரர்களின் வழியை மறிக்காமல், அவர்கள் முகத்தை எடுப்பதானால் கேட்டுவிட்டு, ஓர் ஓரமாக நின்று 250-இல் பருந்தைப் பின்தொடர்ந்து பழகுங்கள். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, செஸ்னா நேர்கோட்டில் வரும். பத்தில் நான்கு பருந்து 1/250-இல் கண் தெரியும் அளவுக்கு விழ ஆரம்பித்ததும் பயிற்றுநருக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் எந்த இடத்தில் நிற்பீர்கள், எத்தனை மீட்டர் தள்ளி, யார் கூட இருப்பார்கள் என்று எழுதியிருந்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும்.